பூட்டைத் திறக்கும் முன் ஒரு குரல்

இரவில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன கைப்பேசியைக் காலையில் மீண்டும் இயக்குகிறோம். சின்னம் தோன்றுகிறது, பூட்டுத்திரை வருகிறது, பின் எண்ணைத் தட்டி உள்ளே போய்விடுகிறோம். பார்வையுள்ளவருக்கு இது பத்து நொடி வேலை. பார்வையற்றவருக்கு அந்தப் பத்து நொடியில் ஒரு துணை வேண்டும்: விரல் எந்த எண்ணின்மேல் இருக்கிறது என்று காதில் சொல்லும் குரல். கடையில் வாங்கும் வழக்கமான ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அந்தக் குரல் கூடவே வந்துவிடும். தனியுரிமைக்கென்றே உருவாக்கப்பட்ட கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் பல ஆண்டுகள் அது வரவில்லை. டாக்பேக் என்ற திரைவாசிப்பான் விழித்துக்கொண்டுதான் இருக்கும். பேசுவதற்குத்தான் வாய் இருக்காது.

காரணம் அலட்சியம் அல்ல. கைப்பேசியில் நம் தகவல்கள் எப்படிப் பூட்டப்படுகின்றன என்பதிலேயே அது இருக்கிறது.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 கைப்பேசியின் சேமிப்பகத்தை இரண்டு அறைகளாகப் பிரித்தது. முதல் அறை, கருவி இயங்கத் தொடங்கியதுமே தானாகத் திறந்துகொள்ளும். காலை அலாரம் அடிக்கவும், அழைப்பு வந்தால் மணி ஒலிக்கவும் வேண்டியவை அங்கே இருக்கும். இரண்டாம் அறையில்தான் நம் புகைப்படங்கள், செய்திகள், பெரும்பாலான செயலிகள், அவற்றின் தரவுகள் எல்லாம். நாம் பின் எண்ணை முதல்முறை சரியாகத் தட்டும்வரை அதன் மறைகுறியாக்கம் அவிழாது. திருடன் கையில் கிடைத்தாலும் உள்ளே இருப்பது வெறும் எண் குப்பைதான். இது நல்ல ஏற்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் முதல் அறையில் இருந்தபடி வேலை செய்யும்படி ஒரு செயலியை அதை எழுதியவர் தனியாகத் தயார்செய்ய வேண்டும். டாக்பேக் அப்படித் தயாரானது. எழுத்தை ஒலியாக மாற்றுவது டாக்பேக் அல்ல. அதற்குத் தனியாக ஒரு பேச்சு எஞ்சின் வேண்டும். கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் ஈஸ்பீக் என்ஜி, ஆர்எச்வாய்ஸ் என்ற இரண்டைத்தான் கிராஃபீன் ஓஎஸ் பயனர்கள் பெரும்பாலும் நிறுவிக்கொண்டார்கள். இரண்டுமே இரண்டாம் அறைக்குள் இருந்தன. எண்ணைத் தட்டக் குரல் வேண்டும். எண்ணைத் தட்டினால்தான் குரல் வரும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூட்டிய நிலையில் 18 மணி நேரம் கிடந்தால் கிராஃபீன் ஓஎஸ் தன்னைத்தானே அணைத்து மீண்டும் இயக்கிக்கொள்ளும். பறிமுதல் செய்யப்பட்ட கைப்பேசியின் நினைவகத்திலிருந்து சாவியை உருவ முயல்பவர்களைத் தடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் ஒவ்வொரு மறுதொடக்கமும் இரண்டாம் அறையை மூடிவிடுகிறது. பார்வையுள்ள பயனருக்குக் கூடுதல் காவலாக இருப்பது, பார்வையற்றவரின் கைப்பேசியை ஊமையாக்கும் கடிகாரமாகவும் ஓடியது. அந்த நேர அளவை மாற்றலாம். யூஎஸ்பி வழியாக ஒரு விசைப்பலகையைச் செருகிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யலாம். பூட்டிய கருவியில் யூஎஸ்பியைத் தடுக்கும் அமைப்பில், முதல் திறப்புக்கு முன்பு மட்டும் விலக்குத் தரும் தேர்வு ஒன்றையும் அதே இயங்குதளம் வைத்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, பையில் விசைப்பலகையோடு திரியத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே இது வழியாக இருந்தது.

இத்தனை சிரமத்துக்கு இடையில் பார்வையற்ற ஒருவருக்கு இந்த இயங்குதளங்கள் எதற்கு என்று கேட்கலாம். என் விடை: மற்றவர்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை. நாம் கைப்பேசியில் வைக்காத பலவற்றை அவர் அதனிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தபாலில் வந்த கடிதம், மருந்துச் சீட்டு, சோதனை அறிக்கை, எதிரே நிற்பவரின் முகம் என்று கண்ணால் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு செயலியிடம் கேட்கிறார். அந்தப் படம் பல நேரங்களில் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், விவரணையாகத் திரும்பி வருகிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி ரூபாய் நோட்டின் மதிப்பை இணையத் தொடர்பே இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே கண்டறிந்து சொல்கிறது. அப்படியும் செய்யலாம் என்பதற்கு அது சான்று. எல்லாச் செயலிகளும் அப்படி இல்லை. தன் அந்தரங்கத்தில் எது வெளியே போகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவருக்கு, கேட்காமல் எதையும் வெளியே விடாத கருவி வேண்டும்.

அத்தகைய கருவியில் செயலிகள் ஏன் முரண்டுபிடிக்கின்றன என்று புரிய, ஆண்ட்ராய்டின் நடுவே ஓடும் ஒரு வேலியைப் பார்க்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் திறந்தமூல ஆண்ட்ராய்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தங்கள் பெயரில் வெளியிடலாம். சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு நின்றுபோனபோது 2016 இறுதியில் அதன் வழித்தோன்றலாக எழுந்த லீனியேஜ் ஓஎஸ், மாண்ட்ரேக் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கிய ஈ ஓஎஸ், கூகுளின் பிக்சல் கைப்பேசிகளுக்காக இறுக்கமான பாதுகாப்போடு வரும் கிராஃபீன் ஓஎஸ் எல்லாமே இந்த மண்ணில் முளைத்தவை. வேலிக்கு அந்தப் பக்கம் கூகுளின் மூடிய மென்பொருள்கள். அவற்றின் மையம் 2012-இல் வந்த கூகுள் பிளே சர்வீசஸ். கைப்பேசி இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வது, வரைபடம் காட்டுவது, செய்தி வந்ததும் செயலியைத் தட்டி எழுப்புவது போன்ற வேலைகள் வரவர அதற்குள் குடிபோயின. செயலி எழுதுபவருக்கு அது வசதி. ஒரு வரியில் கேட்டால் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வரி, கூகுள் இல்லாத கைப்பேசியில் சுவரில் மோதும். செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், அல்லது திறந்தும் அறிவிப்புகள் வராமல் கிடக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளின் தலையெழுத்தும் இதே வேலியைப் பொறுத்ததுதான். காது கேட்கும் கருவிக்கு ப்ளூடூத் வழியாக நேரே ஒலி அனுப்பும் ஆஷா என்ற நெறிமுறை, 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் திறந்தமூலப் பக்கத்தில் சேர்ந்தது. திரையைப் பெரிதாக்குதல், நிறக்குருடு உள்ளவர்களுக்கான நிறத்திருத்தம் ஆகியவையும் இந்தப் பக்கம்தான். அதனால் திறந்தமூல ஆண்ட்ராய்டிலிருந்து பிறந்த இயங்குதளம் அவற்றைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. கூகுளின் இனிய பேச்சுக்குரல்களும், 2024-இல் ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவோடு இணைந்து படங்களை விவரிக்கக் கற்றுக்கொண்ட டாக்பேக்கின் புதிய திறனும் அந்தப் பக்கம். டாக்பேக்கின் மூலநிரலில் கூகுள் திறந்துவிடும் பகுதியை எடுத்து, கிராஃபீன் ஓஎஸ் தனக்கென ஒரு பதிப்பைப் பராமரிக்கிறது. படிப்பதற்கு அது போதும், படத்தை விவரிக்காது.

வேலியைத் தாண்ட இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று மைக்ரோஜி. பிளே சர்வீசஸ் செய்யும் வேலைகளில் முக்கியமானவற்றைத் திறந்த நிரலாக மறுபடி எழுதி, “நான்தான் பிளே சர்வீசஸ்” என்று செயலிகளிடம் சொல்லி நிற்கும் மாற்று ஆள். ஈ ஓஎஸ் இதைத்தான் உள்ளேயே வைத்து வருகிறது. மாற்று ஆளுக்குத் தெரியாத வேலையைச் செயலி கேட்டால் சிக்கல். இருப்பிடத்தைச் சொல்ல அது நெடுநாள் நம்பியிருந்த மொசில்லாவின் இருப்பிடச் சேவை 2024-இல் மூடப்பட்டு, வேறு தரவுத்தளம் தேட வேண்டிவந்தது இன்னொரு வகைச் சிக்கல்.

இரண்டாவது வழி கிராஃபீன் ஓஎஸ் 2021-இல் கொண்டுவந்தது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வுகளில் இது ஒன்று. வழக்கமான கைப்பேசியில் பிளே சர்வீசஸ் வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் இடுப்பில் செருகிய நிர்வாகி. ஆண்ட்ராய்டில் மற்றச் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுவருக்குள் அடைபட்டிருக்கும். நிர்வாகிக்கு மட்டும் சுவர் இல்லை. கிராஃபீன் ஓஎஸ் கூகுளின் அசல் பிளே சர்வீசஸையே நிறுவ விடுகிறது, ஆனால் சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டு. வாடகைக்குக் குடியிருக்கும் சாதாரணச் செயலியாக அது ஓட வேண்டும். தன்னிடம் சாவி இல்லை என்று தெரிந்து அது குழம்பிவிடாதபடி, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு நின்று பதில் சொல்லிச் சமாளிக்கிறது. பார்வையற்ற பயனருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு: நல்ல குரலுக்காகவோ, படத்தை விவரிக்கும் செயலிக்காகவோ கூகுளின் கடை தேவைப்பட்டால், கைப்பேசி முழுவதையும் திறந்துகொடுக்காமல் அதைப் பெறலாம்.

குரல் என்றதும், டாக்பேக்கின் தொடக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது 2009-இல் ஆண்ட்ராய்டு 1.6-உடன் வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை முழுதும் இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதச் சமன்பாடுகளை ஒலியாக வாசிக்கும் மென்பொருளுக்காக 1994-இல் முனைவர் பட்டம் பெற்றவர். பொத்தான்களே இல்லாத வழவழப்பான கண்ணாடித் திரை வந்தபோது, பார்வையற்றோர் அதைத் தொடவே முடியாது என்று பலரும் முடிவுகட்டினார்கள். ராமனும் அவருடைய சக பொறியாளர் சார்லஸ் சென்னும் எண்களை வேறு விதமாகத் தட்டும் முறையைக் காட்டினார்கள். விரல் திரையில் எங்கே விழுந்தாலும் அந்த இடமே 5. அங்கிருந்து இடப்பக்கம் மேலே சறுக்கினால் 1. வலப்பக்கம் கீழே சறுக்கினால் 9. பொத்தான் எங்கே என்று விரல் தேடிப் போக வேண்டாம். விரல் விழுந்த இடத்துக்குப் பொத்தான் வந்துவிடும். பார்வையற்றவரே வடிவமைக்கும் இடத்தில் உட்கார்ந்தால் கேள்வி எப்படித் தலைகீழாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஈஸ்பீக்கின் கதையும் தனிமனித உழைப்பில் தொடங்கியதுதான். ஜோனதன் டடிங்டன் 1990-களில் ஏக்கார்ன் கணினிகளுக்காக எழுதியது. 2015-க்குப் பின் ஈஸ்பீக் என்ஜி என்ற பெயரில் வேறு கைகளால் தொடர்கிறது. மனிதக் குரலைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டும் முறை அதில் இல்லை. தொண்டையும் வாயும் ஒலியை எப்படி வடிக்கின்றனவோ, அந்த ஒலியலைகளைக் கணக்குப்போட்டே உண்டாக்குகிறது. அதனால் குரல் இயந்திரத்தனமாக இருக்கும். அதே காரணத்தால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைச் சில மெகாபைட்டுகளில் அடக்க முடிகிறது. தமிழும் அதில் உண்டு. முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நாள்தோறும் பயன்படுத்துகிறவர்களில் பலர் இதையே விரும்புகிறார்கள். வேகத்தை மூன்று மடங்கு கூட்டினாலும் எழுத்துகள் கலங்காமல் காதில் விழுகின்றன என்பதே காரணம்.

செயலிகள் முரண்டுபிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேட்டால் கோபம் வேறு பக்கம் திரும்பும். 2023-இல் வந்த பிக்சல் 8-இன் சிப் நினைவகத்துக்கு அடையாளமிடும் திறன் கொண்டது. ஒவ்வொரு 16 பைட் நினைவகத்துக்கும் 4 பிட் அளவில் ஓர் அடையாளம். அதை நாடும் சுட்டியிலும் (பாயிண்டர்) அதே அடையாளம். இரண்டும் பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். கிராஃபீன் ஓஎஸ் இதை உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. விளைவாக, மற்றக் கைப்பேசிகளில் ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் தப்புச்செய்துகொண்டிருந்த செயலிகள் இங்கே அகப்பட்டு விழுந்தன. ஆண்ட்ராய்டின் ப்ளூடூத் பகுதியில் இருந்த நினைவகப் பிழை ஒன்றும் 2024-இல் இப்படித்தான் பிடிபட்டது. பயனரின் கண்ணுக்கு “இந்த இயங்குதளத்தில் செயலி ஓடவில்லை” என்று தெரிவது, உண்மையில் செயலிக்குள் முன்பே இருந்த ஓட்டை. செயலிவாரியாக இந்தக் காவலைத் தளர்த்தும் தேர்வும் உண்டு.

இதுவரை சொன்னவை எல்லாம் பொறியியல் தடைகள். உழைத்தால் தீரும். வங்கிச் செயலிகளின் வாசலில் நிற்பது வேறு வகைத் தடை.

ஒரு வங்கிச் செயலி தான் ஓடும் கைப்பேசி நம்பத்தக்கதா என்று தெரிந்துகொள்ள விரும்புவது நியாயம். அதற்காக முன்பு சேஃப்டிநெட் என்ற சோதனையைக் கூகுள் கொடுத்தது. 2025-இல் அது நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் வந்த பிளே இன்டெக்ரிட்டி மட்டும் நிற்கிறது. அடிப்படை, கருவி, வலுவானது என்று அது மூன்று நிலைகளில் தீர்ப்புச் சொல்லும். கிராஃபீன் ஓஎஸ் அடிப்படை நிலையைத் தாண்டும். கருவி நிலையைத் தாண்டாது. அந்த நிலை கேட்பது, இந்த மென்பொருள் கூகுளின் சான்றிதழ் பெற்றதா என்பதை. பாதுகாப்புத் திருத்தம் வந்து பல ஆண்டுகளான பழைய கைப்பேசி, சான்றிதழ் இருப்பதால் அதில் தேறிவிடுகிறது. திருத்தங்கள் உடனுக்குடன் வந்துசேரும் கைப்பேசி, சான்றிதழ் இல்லாததால் தோற்கிறது. மூன்றாம் நிலையில் மட்டும், 2025 மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13-உம் அதற்குப் பிந்தியவையும் ஓடும் கருவிகள் ஓராண்டுக்குள் திருத்தம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆலையிலேயே சிப்புக்குள் பதிக்கப்பட்ட சாவியைக் கொண்டு, “இந்தக் கைப்பேசியின் துவக்கப் பூட்டு (பூட்லோடர்) மூடியிருக்கிறது, இன்ன சாவியால் கையொப்பமிட்ட இயங்குதளம் இதில் ஓடுகிறது” என்று வன்பொருளே சான்று சொல்லும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் உண்டு. ஏற்கத்தக்க இயங்குதளங்களின் சாவிகளை வங்கி தன் பட்டியலில் சேர்த்தால் போதும். எப்படிச் சேர்ப்பது என்று கிராஃபீன் ஓஎஸ் குழு செயலி உருவாக்குபவர்களுக்கு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. வங்கிகள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன். கூகுளின் ஒற்றைத் தீர்ப்பில் ஒளிந்துகொள்வது எளிது என்பதற்காக, பாதுகாப்பில் அதிக அக்கறை எடுத்த வாடிக்கையாளரையே வாசலில் நிறுத்துவது முறையல்ல.

அதே வாசலில் பார்வையற்ற வாடிக்கையாளருக்கு இரண்டாவது சோதனையும் காத்திருக்கிறது. திரைவாசிப்பான் திரையைப் படம்பிடித்துப் பார்ப்பதில்லை. செயலி தன் திரையில் உள்ளவற்றை ஒரு மரமாக அடுக்கித் தருகிறது: இது தலைப்பு, இது எழுதும் பெட்டி, இது ‘பணம் அனுப்பு’ என்ற பொத்தான். அந்த மரத்தைக் கிளைகிளையாகப் படிக்கவும், பயனர் சார்பில் பொத்தானை அழுத்தவும் திரைவாசிப்பானுக்கு மிகப் பெரிய அனுமதி தேவை. அதே அனுமதியை ஏமாற்றிப் பெற்று, பணத்தைத் துடைத்தெடுத்த செர்பரஸ், அனூபிஸ் போன்ற தீயநிரல்களை உலகம் பார்த்திருக்கிறது. அதனால் ஆண்ட்ராய்டு 13, செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதியை எளிதில் தராமல் தடுத்தது. சில வங்கிச் செயலிகள் ஒரு படி மேலே போய், தங்களுக்குத் தெரியாத அணுகல் சேவை (இந்த அனுமதி பெற்ற செயலி) எது ஓடினாலும் திறக்க மறுக்கின்றன. அச்சம் உண்மையானது. ஆனால் திருடனும் திரைவாசிப்பானும் ஒரே கதவால் வருகிறார்கள் என்பதற்காகக் கதவையே அடைத்தால், திருடன் வேறு வழி பார்த்துக்கொள்வான். திரைவாசிப்பானுக்கு வேறு வழி கிடையாது.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் வங்கிச் சேவைகளும் கைப்பேசிகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. அதே ஆண்டு ஏப்ரல் 30-இல், அமில வீச்சில் கண்களை இழந்து, ‘கண் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும் டிஜிட்டல் அடையாளச் சோதனையில் தேற முடியாமல் போனவர்களின் வழக்கில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முந்திய படி ஒன்று இருக்கிறது. கிராஃபீன் ஓஎஸ்ஸை நிறுவக் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, உலாவியில் உள்ள சில பொத்தான்களை அழுத்தினால் போதும்; கணினியில் திரைவாசிப்பான் இருப்பதால் அந்தப் பகுதியைப் பார்வையற்றவர் தாமே முடித்துவிடுவார். நடுவில் கைப்பேசியின் துவக்கப் பூட்டைத் திறக்கச் சம்மதமா என்று அதன் திரையில் ஒரு கேள்வி வரும். ஒலி விசையால் நகர்த்தி, மின் விசையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது எந்த இயங்குதளமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை, பேசவும் எதுவுமில்லை. எத்தனை முறை அழுத்துவது என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், அல்லது அருகில் இருப்பவரிடம், “அம்மா, இப்போ திரையில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்க வேண்டும். தன் கைப்பேசிக்குள் யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய வேலையில், முதல் கேள்வியையே இன்னொருவரின் கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திரை பிக்சலைத் தயாரிக்கும் கூகுளின் கையில் இருக்கிறது. மறுதொடக்கத்துக்குப் பின் வரும் பூட்டுத்திரை இயங்குதளத்தை எழுதுபவர்களின் கையில். பின்னதற்கு வேண்டியது பெரிய குரல்கூட அல்ல. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை சொல்லத் தெரிந்த, முதல் அறையில் உட்கார்ந்திருக்கும் சிறு குரல் ஒன்று.